கூஸ்தோ: நம்மளைக் கடலுக்குள்ள கூட்டிட்டுப் போன மனுஷன்

செமஸ்டர் முடிஞ்சதும் அந்தமானோ பாண்டிச்சேரியோ போய் ஸ்கூபா பண்ணணும்னு உங்க செட்டுல யாராவது ஒருத்தர் இப்பவே பிளான் போட்டுட்டு இருப்பாங்க. முதுகுல ஒரு சிலிண்டர், வாயில ஒரு ரப்பர் பிடி, முகத்துல மாஸ்க். பத்தடி கீழ இறங்கினா வேற உலகம். ஒரு கடலாமை உங்களைக் கண்டுக்காம பக்கத்துல நீந்திப் போகும். அதைத் தொடணும்னு கை தானா நீளும்.

அந்த சிலிண்டர் உங்க முதுகுக்கு வந்ததுக்கும், அந்த ஆமையோட நீந்தணும்ங்கிற ஆசை உங்க மனசுக்கு வந்ததுக்கும் பெரும்பாலும் ஒரே ஆள்தான் காரணம். பேரு ஜாக் கூஸ்தோ. பிரெஞ்சுக்காரர். தலையில சிவப்புத் தொப்பி, ஒல்லியான உடம்பு, நீளமான மூக்கு. போட்டோவைப் பார்த்தா, அட இவரான்னு சொல்லிடுவீங்க. "கடலைக் காப்பாத்தப் போராடினவர்"னு ஒரே வரியில பாடப் புத்தகங்கள் அவரை முடிச்சுடும். நிஜ வாழ்க்கை அவ்வளவு நேரா போகல. அதனாலதான் இந்தக் கட்டுரை.

உடைஞ்ச கையில ஆரம்பிச்ச கதை

1910 ஜூன் 11 அன்று பிரான்சின் தென்மேற்கில் உள்ள சேன்-தாந்த்ரே-த-குப்ஸாக் என்ற சின்ன ஊரில் கூஸ்தோ பிறந்தார். அப்பா ஒரு வக்கீல். பணக்கார அமெரிக்கர்களிடம் உதவியாளராக வேலை பார்த்ததால் குடும்பம் ஊர் ஊராகச் சுற்றியது. சின்ன வயசில் பையனுக்கு உடம்பு சரியிருக்காது. ஆனால் தண்ணீர் என்றால் ரொம்பப் பிடிக்கும். குடும்பம் சில காலம் நியூயார்க்கில் இருந்தபோது கோடை முகாம் ஒன்றுக்குப் போனார். அங்கே ஏரியின் அடியில் கிடந்த மரக்கிளைகளை எடுத்துச் சுத்தம் செய்யும் வேலையைக் கொடுத்தார்கள். மூச்சைப் பிடித்து முங்கப் பழகியது அப்போதுதான்.

இன்னொரு பைத்தியம் கேமரா. 13 வயசிலேயே சேர்த்து வைத்த காசில் ஒரு சினிமா கேமரா வாங்கி, முதலில் அதைப் பிரித்துப் பார்த்தார். நம்ம டிபார்ட்மென்ட் ஆள்தான்னு வெச்சுக்கோங்க. படிப்பில் அப்படி ஒன்றும் கெட்டிக்காரர் இல்லை. பள்ளிக்கூட ஜன்னல்களை உடைத்து வெளியே அனுப்பப்பட்ட பையன். உறைவிடப் பள்ளியில் போட்ட பிறகுதான் வழிக்கு வந்தார்.

1930-இல் பிரெஞ்சுக் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய கனவு கடலுக்கு அடியில் இல்லை, வானத்தில் இருந்தது. கடற்படை விமானியாகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், 1936-இல், ஒரு ராத்திரி அப்பாவின் காரை ஓட்டிப் போகும்போது பெரிய விபத்து. இரண்டு கையும் உடைந்தது. ஒரு கை பல மாசம் அசையவே இல்லை. விமானி ஆகும் கனவு அதோடு முடிந்தது.

துலோன் துறைமுகத்துக்கு மாற்றல் கிடைத்தது. கைக்கு பலம் வரட்டும் என்று தினமும் மத்தியதரைக் கடலில் நீந்தினார். அங்கே நண்பரான பிலிப் டாய்யே என்ற கடற்படை அதிகாரி, நீச்சல் கண்ணாடி ஒன்றைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார். தலையைத் தண்ணீருக்குள் விட்டதும் கடல்பாசி, பாறை, மீன் எல்லாமே பளிச்சென்று தெரிந்தது. தலையைத் தூக்கினால் கரையில் பஸ், ஆட்கள், மின்கம்பம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் கடைசி வரை விடவில்லை.

இவர்களோடு ஃப்ரெடெரிக் துமா என்பவரும் சேர்ந்தார். மூன்று பேரும் கடலுக்குள் என்ன செய்தார்கள்? வேட்டையாடினார்கள். கையில் ஈட்டி, மூச்சைப் பிடித்து முங்கு, பெரிய மீனாகப் பார்த்துக் குத்து. துமா அதில் பெரிய கில்லாடி. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. கடலை நேசிச்ச அந்த மூணு பேரும் உள்ள போனது முதல்ல ஈட்டியோடதான்.

வால்வுதான் ஹீரோ

மூச்சைப் பிடித்து முங்கினால் ஒன்றிரண்டு நிமிஷம்தான். அதற்கு மேல் இருக்க என்ன வழி?

மேலே வரைக்கும் நீளமா ஒரு குழாய் விட்டா போதாதான்னு உங்களுக்குத் தோணலாம். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் முதல் யூனிட்டைத் திறங்க. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு அட்மாஸ்ஃபியர் அழுத்தம் கூடும். ஒரு மீட்டர் ஆழத்திலேயே உங்க நெஞ்சு மேல பத்துல ஒரு பங்கு அட்மாஸ்ஃபியர் கூடுதலா அழுத்தும். குழாய் வழியா வர்ற காத்தோ மேல இருக்குற அதே அழுத்தத்துலதான் வரும். நெஞ்சுத் தசையால அந்த வித்தியாசத்தை எதிர்த்து மூச்சை இழுக்க முடியாது. ஆக, நீங்க இருக்குற ஆழத்துல தண்ணிக்கு என்ன அழுத்தமோ, அதே அழுத்தத்துல காத்து வரணும். அதுவும் நீங்க இழுக்கும்போது மட்டும் வரணும். இல்லைன்னா சிலிண்டர் சீக்கிரமே காலி.

கூஸ்தோ முதலில் ஆக்ஸிஜன் கருவிகளை முயன்றார். சுத்த ஆக்ஸிஜன் ஒரு ஆழத்துக்குக் கீழே போனால் நரம்பு மண்டலத்துக்கு விஷம். இரண்டு முறை தண்ணீருக்குள்ளேயே வலிப்பு வந்து, சாவின் விளிம்பு வரை போய்ப் பிழைத்தார். அதற்கப்புறம் ஆக்ஸிஜனை விட்டுவிட்டு சாதாரணக் காற்றுக்கு வந்தார்.

1937-இல் அவருக்கு சிமோன் மெல்கியோருடன் கல்யாணம் ஆகியிருந்தது. மாமனார் முன்னாள் கடற்படை அதிகாரி, ஏர் லிக்விட் என்ற வாயு நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர். அந்தத் தொடர்பில், 1942 டிசம்பரில், பாரிஸில் அதே நிறுவனத்தின் எஞ்சினியர் எமீல் கான்யானைச் சந்தித்தார் கூஸ்தோ. நாடு அப்போது ஜெர்மனியின் பிடியில் இருந்தது. பெட்ரோல் கிடையாது. கார்களை வாயுவில் ஓட்டுவதற்காக, எஞ்சின் இழுக்கும் அளவுக்கு மட்டும் வாயுவை விடும் ஒரு சின்ன வால்வைக் கான்யான் செய்து வைத்திருந்தார். எஞ்சினுக்குப் பதிலாக மனிதனின் நுரையீரல் என்று வைத்துப் பாருங்கள். கூஸ்தோ தேடிய பொருள் அந்த மேஜை மேல் இருந்தது.

சில வாரங்களில் மாதிரி தயார். தத்துவம் ரொம்ப சிம்பிள். ஒரு டயஃப்ரம். அதன் ஒரு பக்கம் கடல் தண்ணி, இன்னொரு பக்கம் நீங்க சுவாசிக்கிற காத்து. நீங்க இழுத்ததும் உள்பக்க அழுத்தம் கொஞ்சம் குறையும், தண்ணி டயஃப்ரத்தை உள்ளே தள்ளும், லீவர் வால்வைத் திறக்கும், காத்து வரும். ரெண்டு பக்கமும் சமமானதும் வால்வு மூடிடும். ஆழம் எவ்வளவா இருந்தாலும் காத்து தானாவே அந்த ஆழத்தோட அழுத்தத்துக்கு வந்துடும். இந்த யோசனையே புதுசுன்னு நினைச்சுடாதீங்க. 1860-களிலேயே ருகெரோல், தெனெரூஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் இதே மாதிரி வால்வு செய்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அதிக அழுத்தத்தைத் தாங்கும் சிலிண்டர் இல்லாததால் அது மேலே எழவில்லை. சரியான யோசனை, தப்பான காலம்.

1943 ஜனவரியில் பாரிஸ் பக்கம் மார்ன் ஆற்றில் முதல் சோதனை. படுத்த நிலையில் நீந்தினால் அருமையாக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று தானாகக் கொட்டி வீணாயிற்று. தலைகீழாகப் போனால் மூச்சே இழுக்க முடியவில்லை. ரிவ்யூ அன்னைக்கு மட்டும் சொதப்புற ப்ராஜெக்ட் மாதிரி.

வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே இரண்டு பேரும் காரணத்தைப் பிடித்துவிட்டார்கள். காற்று உள்ளே வரும் வால்வு முதுகில் இருந்தது. வெளிவிடும் காற்று போகும் வழி அதிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தது. நிமிர்ந்து நின்றால் அந்த வழி ஒரு சாண் மேலே வரும், அங்கே அழுத்தம் குறைவு, காற்று அந்தப் பக்கம் ஓடும். தலைகீழானால் எல்லாம் எதிர்மாறு. தீர்வு? வெளியேறும் வழியைக் கொண்டுவந்து டயஃப்ரத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார்கள். எப்படித் திரும்பினாலும் இரண்டுக்கும் ஒரே ஆழம், ஒரே அழுத்தம். ஒரு சாண் தண்ணீர் என்பது ஒரு அட்மாஸ்ஃபியரில் சுமார் இரண்டு சதவீதம்தான். ஸ்கூபா என்ற முழு விஷயமும் அந்த இரண்டு சதவீதத்தில் மாட்டிக்கொண்டு நின்றது.

1943 ஜூனில், பந்தோல் என்ற கடலோர ஊருக்கு ரயிலில் வந்த பெட்டியில் புதுக் கருவி இருந்தது. அதற்குப் பேர் அக்வாலங். கூஸ்தோ அதை மாட்டிக்கொண்டு இறங்கினார். மேலே சிமோன் மிதந்தபடி கண்காணித்தார். ஏதாவது ஆனால் குதிக்கக் கரையில் துமா தயாராக இருந்தார். கூஸ்தோ உள்ளே குட்டிக்கரணம் அடித்தார், ஒரு விரலில் தலைகீழாக நின்றார். வால்வு ஒரு தடவையும் சொதப்பவில்லை. பிறகு ஒரு குகைக்குள் போனார். கூரை முழுக்கச் சிங்கி இறால். போர்க்காலம், வீட்டில் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். ஜோடி ஜோடியாகப் பறித்து மேலே கொண்டுபோய் சிமோனிடம் கொடுத்தார்.

அதாவது, அக்வாலங்கின் முதல் கடல் முழுக்கு கடலிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்ததோடு முடிந்தது. பசியில் இருந்த மனுஷனைக் குறை சொல்லல. ஆனா கதை எங்க ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சாதான் எங்க போச்சுன்னு புரியும்.

இன்னொன்றும் சொல்லிடறேன். கான்யான் 1947-இல் கனடா போய் மாண்ட்ரியாலில் குடியேறி, அங்கேயும் இதே துறையில் வேலை செய்தார். வால்வை வடிவமைத்தவர் பேரு எத்தனை பேருக்குத் தெரியும்? கேமரா முன்னால் நின்றவர் பேருதான் நின்றது. எஞ்சினியரிங் படிக்கிற நமக்கு இது புதுசு இல்ல.

கலிப்ஸோவும் ஒரு தங்கப் பனையோலையும்

போர் முடிந்ததும் கூஸ்தோ கடற்படையில் ஒரு முக்குளிப்பு ஆராய்ச்சிக் குழுவைத் தொடங்க உதவினார். கடலடியில் கிடந்த கண்ணிவெடிகளை அகற்றுவது அவர்கள் வேலைகளில் ஒன்று. எவ்வளவு ஆழம் போக முடியும் என்று பார்த்த சோதனையில், 1947-இல், மோரிஸ் ஃபார்க் என்ற சக முக்குளிப்பாளர் இறந்தார். நாம இன்னைக்கு அரை மணி நேரப் பயிற்சியில கத்துக்கற பாதுகாப்பு விதிகளுக்குப் பின்னாடி இந்த மாதிரி உயிர்கள் இருக்கு.

1950-இல் ஒரு பழைய மரக்கப்பல் கிடைத்தது. அமெரிக்காவின் சியாட்டிலில் கட்டி, பிரிட்டிஷ் கடற்படைக்குக் கண்ணிவெடி வாரிய கப்பல். போருக்குப் பின் மால்டாவில் பயணிகள் படகாக ஓடியது. லோயல் கின்னஸ் என்ற பிரிட்டிஷ் செல்வந்தர் அதை வாங்கி, வருஷத்துக்கு ஒரு ஃப்ராங்க் பெயரளவு வாடகைக்குக் கூஸ்தோவிடம் கொடுத்தார். அதுதான் கலிப்ஸோ. முன்பக்கத்தில் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்து பார்க்க ஜன்னல் வைத்த ஒரு மூக்கை மாட்டினார்கள். சிமோன் அந்தக் கப்பலில் கணவரை விட அதிக நாள் வாழ்ந்தார். சாப்பாடு, கணக்கு, ஊழியர்களின் சண்டை சச்சரவு, எல்லாம் அவர் பார்த்துக்கொண்டதுதான். கேமரா முன் மட்டும் வரமாட்டார்.

இந்தக் கப்பலில் செங்கடல், இந்தியப் பெருங்கடல் எல்லாம் சுற்றி எடுத்த படம்தான் 1956-இல் வந்த 'நிசப்த உலகம்'. கூட இயக்கியவர் லூயி மால், அப்போது அவருக்கு இருபது சொச்சம் வயசு. கான் விழாவில் தங்கப் பனையோலை, அடுத்து சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர். பவளப்பாறையைக் கலரில் அதுவரை பார்த்திராத உலகம் வாயைப் பிளந்தது.

இப்போ அந்தப் படத்தை நீங்க பார்த்தா வேற மாதிரி வாயைப் பிளப்பீங்க.

ஒரு காட்சியில், ஒரு பவளப்பாறைப் பகுதியில் எத்தனை வகை மீன் இருக்கிறது என்று கணக்கெடுக்க வெடி வைக்கிறார்கள். செத்து மிதக்கும் மீன்களைப் பொறுக்கி வகைப்படுத்துகிறார்கள். இன்னொரு காட்சியில், ஒரு தீவில் இருக்கும் ராட்சத நில ஆமைகள் மேல் ஊழியர்கள் ஏறி உட்கார்ந்து விளையாடுகிறார்கள். இன்னொன்று எல்லாவற்றையும் விட மோசம். ஸ்பெர்ம் திமிங்கலக் கூட்டத்தைத் துரத்திப் போகும்போது ஒரு குட்டி கப்பலின் சுழலியில் மாட்டிக் கிழிபடுகிறது. பிழைக்காது என்று அதைச் சுட்டுவிடுகிறார்கள். ரத்தத்துக்குச் சுறாக்கள் வருகின்றன, குட்டியைத் தின்னத் தொடங்குகின்றன. உடனே ஊழியர்களுக்குச் சுறாக்கள் மேல் வெறி. கொக்கி போட்டு மேலே இழுத்து, கோடாலியால் அடித்துக் கொல்கிறார்கள். குட்டியை அடித்தது அவர்கள் கப்பல். கோபம் சுறா மேல்.

இதை அவர்கள் மறைக்கவில்லை. படத்தில் பெருமையாகவே வைத்தார்கள். அரங்கு கைதட்டியது, உலகம் விருது கொடுத்தது. 1956-இல் கடல் என்றால் தீராத சுரங்கம், சுறா என்றால் எதிரி. அந்தக் காலத்தின் மனசு அது. கூஸ்தோ அதற்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

அதே படத்தில் ஜோஜோ என்று ஒரு களவா மீன் வரும். சேஷல்ஸ் பக்கம் அஸம்ப்ஷன் தீவில் பார்த்த பெரிய மீன். இறைச்சி ஊட்டி ஊட்டி அது நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தது. மற்ற மீன்களுக்குக் கொடுப்பதையும் பிடுங்கித் தின்று படப்பிடிப்பைக் கெடுத்தது. கடைசியில் அதைச் சுறாக் கூண்டுக்குள் சில நாள் பூட்டி வைத்தார்கள். பார்க்க வேடிக்கைதான். ஆனால் யோசிச்சுப் பாருங்க. பழக்கிவிட்டது யாரு, தண்டனை யாருக்கு? இன்னைக்கும் பல சுற்றுலாத் தலங்கள்ல மீனுக்கு பிரெட் போட்டு 'கடல் உயிரினங்களோடு நீந்துங்கள்'னு விக்கிறாங்க. ஜோஜோ கதைதான் அது, கூண்டு மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

மனசு மாறியது எப்போ?

ஒரே நாளில் ஞானம் வந்த கதை இல்லை இது. 1954-இல் கலிப்ஸோ அபுதாபி பக்கம் எண்ணெய் நிறுவனத்துக்காகக் கடலடியில் ஆய்வு செய்து சம்பாதித்தது. 1960-களில் கடலுக்கு அடியில் வீடு கட்டி மனிதர்களை வாழவைத்த சோதனைகளுக்கும் எண்ணெய்த் துறைப் பணம் வந்தது. 1962-இல் மார்செய் அருகே 10 மீட்டர் ஆழத்தில் இரண்டு பேர் ஒரு வாரம். 1963-இல் சூடான் கடலில், ஷாப் ரூமி என்ற பவளப்பாறையில், ஒரு மாசம். 1965-இல் 100 மீட்டர் ஆழத்தில் ஆறு பேர் மூன்று வாரம். சூடானில் எடுத்த படத்துக்கு இன்னொரு ஆஸ்கரும் வந்தது. மனிதன் கடலடியில் குடியேறுவான், சுரங்கம் தோண்டுவான், பண்ணை வைப்பான் என்று அப்போது அவர் நிஜமாகவே நம்பினார்.

அதே சமயம் வேறொரு கூஸ்தோவும் வளர்ந்துகொண்டிருந்தார். 1957 முதல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் இயக்குநர் அவர். 1960-இல் பிரெஞ்சு அணுசக்தித் துறை கதிரியக்கக் கழிவை மத்தியதரைக் கடலில் போடத் திட்டமிட்டபோது பகிரங்கமாக எதிர்த்தார். மக்கள் எதிர்ப்பு பெரிதாகி, திட்டம் கைவிடப்பட்டது. தன் நாட்டு அரசையே எதிர்த்து அவர் செய்த பெரிய காரியம் அது.

அவர் மனசை மாற்றியதில் கேமராவுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். ஒரே ஆள், ஒரே இடத்தில், வருஷக்கணக்கில் முங்கிப் படம் எடுத்தால் என்ன ஆகும்? ஒப்பிட ஆதாரம் கிடைக்கும். இளம் வயசில் மீன் கூட்டம் நெரிந்த மத்தியதரைக் கடல் பாறைகள் பிற்காலத்தில் வெறிச்சோடிக் கிடந்ததை அவர் தன் கண்ணாலேயே பார்த்தார். அந்த மீன்களைப் பிடித்த ஈட்டிகளில் அவர் ஈட்டியும் ஒன்று.

1968 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவருடைய கடல் தொடர் வந்தது, எட்டு வருஷம் ஓடியது. பல நாடுகளில் குழந்தைகள் திமிங்கலத்தையும் சுறாவையும் முதலில் பார்த்தது அவர் கேமரா வழியாகத்தான். அந்தத் தொடரிலும் விலங்குகளைப் பிடிப்பது, பழக்குவது, தொடுவது எல்லாம் உண்டு. ஆனால் போகப் போகக் குரல் மாறியது. வேட்டைக்காரரின் கண்ணோட்டம் குறைந்து, இழப்பைச் சொல்லும் தொனி கூடியது. 1973-இல் கடலைக் காப்பதற்காகவே கூஸ்தோ சொசைட்டியைத் தொடங்கினார்.

1990 வாக்கில், அண்டார்டிகாவில் சுரங்கம் தோண்ட வழிவிடும் ஒப்பந்தம் ஒன்று தயாராக இருந்தது. கூஸ்தோ ஊர் ஊராகப் போய்க் கையெழுத்து வாங்கினார், தலைவர்களைச் சந்தித்தார். அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வராமலே போனது. 1991-இல் மாட்ரிட்டில் அதற்கு நேர் எதிரான உடன்படிக்கை கையெழுத்தானது. அண்டார்டிகாவில் கனிமச் சுரங்கத்துக்குத் தடை. அவர் ஒருவரால் மட்டும் நடந்தது இல்லை, ஆஸ்திரேலியாவும் பிரான்சும் முன்னால் நின்றன. ஆனால் அந்த 80 வயசுக் கிழவரின் பங்கு சின்னது இல்லை. கடலடியில் எண்ணெய் தேடிய அதே மனிதர்தான் ஒரு கண்டத்தையே தோண்டக் கூடாது என்று நின்றார்.

வீட்டுக்குள்ள இருந்த புயல்

பெரிய மனுஷங்க வாழ்க்கையை எழுதும்போது இந்தப் பகுதியை எல்லாரும் தாண்டிப் போயிடுவாங்க. நான் தாண்டல.

அண்ணன் பியேர்-அந்த்வான், போர்க்காலத்தில் நாஜிகளுக்கு ஆதரவாக எழுதிய பத்திரிகையாளர். போருக்குப் பின் மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு குறைக்கப்பட்டது. தம்பியோ எதிரிகளுக்கு எதிரான உளவு வேலைக்காகப் பதக்கம் வாங்கியவர்.

இளைய மகன் பிலிப்தான் அப்பாவின் வாரிசு என்று எல்லோரும் நினைத்தார்கள். படம் எடுப்பார், முங்குவார், விமானம் ஓட்டுவார். அப்பாவுக்குக் கிடைக்காமல் போன வானம் மகனுக்குக் கிடைத்தது. 1979 ஜூன் 28 அன்று, போர்ச்சுகலில் லிஸ்பன் அருகே, தேகூஸ் ஆற்றில் இறங்கும்போது அவருடைய கடல் விமானம் விபத்துக்குள்ளாகி பிலிப் இறந்தார். வயசு 38.

1990 டிசம்பரில் சிமோன் புற்றுநோயில் இறந்தார். சாம்பலை மொனாக்கோ கடலில் தூவினார்கள். அடுத்த வருஷமே கூஸ்தோ ஃபிரான்சின் என்பவரை மணந்தார். அவரோடு ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. நாற்பது வருஷம் கப்பலைத் தாங்கிய பெண்ணை நினைத்தால் மனசு கனக்கிறது. பிறகு மூத்த மகன் ழான்-மிஷேல் ஃபிஜியில் நடத்திய ரிசார்ட்டுக்குக் குடும்பப் பேரை வைத்தார் என்று அப்பாவே கோர்ட்டுக்குப் போனார்.

1996 ஜனவரியில், சிங்கப்பூர் துறைமுகத்தில் ஒரு பெரிய படகு மோதி கலிப்ஸோ மூழ்கியது. தூக்கி எடுத்தார்கள். ஆனால் கூஸ்தோ அதில் மறுபடி கடலுக்குப் போகவே இல்லை. 1997 ஜூன் 25 அன்று, பாரிஸில், 87-வது வயசில் காலமானார். பிறந்த ஊரிலேயே புதைத்தார்கள்.

இப்போ நீங்க தண்ணிக்குள்ள

சரி, நம்ம ட்ரிப்புக்கு வருவோம். இந்த வாழ்க்கையிலிருந்து நமக்கு என்ன?

முதல்ல, உங்க உயிர். ஸ்கூபாவின் முதல் விதி, மூச்சை எப்பவும் நிறுத்தாதீங்க. 10 மீட்டர் ஆழத்துல இழுத்த காத்து, மேல வரும்போது ரெண்டு மடங்கா விரியும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு மேல வந்தா நுரையீரல் கிழியும். பாயில் விதி பரீட்சைக்கு மட்டும் இல்ல.

அடுத்து, அவங்க உயிர். கடலாமை உங்களை மாதிரியேதான், மேல வந்து மூச்சு விட்டாகணும். நீங்க துரத்தினாலோ பிடிச்சாலோ அது மேல போற நேரம் தள்ளிப்போகும். பவளப்பாறை கல்லு மாதிரி தெரியும், ஆனா அதோட மேல்தோல் உயிருள்ள மெல்லிய படலம். ஒரு காலை ஊன்றினா போதும், பல வருஷ வளர்ச்சி நசுங்கிடும். அதனால மிதவைக் கட்டுப்பாட்டை ஒழுங்கா கத்துக்காம பாறைப் பக்கம் போகாதீங்க. மீனுக்குத் தீனி போடாதீங்க, போடச் சொல்ற ஆள்கிட்ட புக் பண்ணாதீங்க. நம்ம நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடலாமைகள், கடல் பசு, திமிங்கலச் சுறா, பவளம் எல்லாம் இருக்கு. ஞாபகத்துக்குன்னு ஒரு பவளத் துண்டைப் பையில போட்டுக்கறதுகூடக் குற்றம்தான்.

கூஸ்தோ தப்பே செய்யாதவர் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் திமிங்கலக் குட்டியை மறக்கவும் முடியாது. ஆனால் அவர் தன் தப்புகளையும் சேர்த்தே படம் பிடித்து வைத்துவிட்டுப் போனார். அவருக்கு ஆமையை எப்படிப் பார்க்கணும்னு சொல்லிக்கொடுக்க முன்னால ஒருத்தரும் இல்லை. வேட்டையில் தொடங்கி, காவலுக்கு வந்து சேர அவருக்கு ஒரு முழு ஆயுள் தேவைப்பட்டது. நமக்கு அவ்வளவு நேரமும் இல்லை, கடல்ல அவ்வளவு மீனும் இல்லை. அவர் முடித்த இடத்துல நாம ஆரம்பிக்கலாம்.

அந்த ஆமை பக்கத்துல வரும். கையைக் கட்டிக்கிட்டு, மெதுவா மூச்சு விட்டுக்கிட்டுப் பாருங்க. அது தன் வழியில போகட்டும்.